திறைசேரி முறிகளும் இளைப்பாறியோர் சேமிப்பும்

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியிலே, இலங்கை அரசாங்கம் மூன்று மாதத் தவணைக்குக் கடன் பெறுவதற்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 32.64 வீதம் வட்டி கொடுத்தது. அதற்குச் சரியாக ஓராண்டு முன்னர், அதே தவணைக் கடனுக்கு அது கொடுத்த வட்டி நூற்றுக்கு 8.16 வீதமே. 2024ஆம் ஆண்டு இறுதியில் அவ்வட்டி மீண்டும் 8.62 வீதத்திற்கு இறங்கிவிட்டது. ஏறிய வேகத்திலும் பார்க்க இறங்கிய வேகம் அதிகம் குறைந்ததன்று. மூன்றே ஆண்டுகளுள் நிகழ்ந்த இந்த ஏற்ற இறக்கத்திலே சிலர் தாம் எதிர்பாராத ஆதாயம் பெற்றனர். பலர் தம் வாழ்நாட் சேமிப்பின் பெறுமதியிற் பெரும் பகுதியை இழந்தனர். இழந்தவருட் பெரும்பாலோர் சூதாடியவர்கள் அல்லர் என்பதே இதிலே கவனிக்கத்தக்கது. முதலுக்கு மோசம் வரக்கூடாது என்று எண்ணி, மிகப் பத்திரமான இடம் எதுவென்று நாலு பேரிடம் விசாரித்து, அங்கே பணத்தை இட்டவர்களே அவர்கள்.

முப்பது ஆண்டு கற்பித்து இளைப்பாறிய ஓர் ஆசிரியரை எண்ணிப் பார்க்கலாம். பணிக்கொடையாகவும் சேமிப்பாகவும் அவர் கையில் 10 இலட்சம் ரூபா இருக்கின்றது. இளைப்பாற்றுச் சம்பளம் அரிசிக்கும் மருந்துக்கும் சரியாகிவிடும். மற்றச் செலவுகளுக்கு இந்தப் பத்து இலட்சத்தின் வட்டியே கதி. வியாபாரம் அவருக்குத் தெரியாது. பங்குச் சந்தை என்றால் அச்சம். அவர் கேட்கும் கேள்வி மிக எளிது: இந்தப் பணத்தை எங்கே, எவ்வளவு காலத்திற்கு இடுவது? எங்கே என்ற கேள்விக்கு விடை சொல்ல ஆயிரம் பேர் இருக்கின்றனர். எவ்வளவு காலத்திற்கு என்ற கேள்வியை அவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆனால் மேலே சொல்லிய மூன்று ஆண்டுகளில், ஒருவருக்குக் கிடைத்த இலாப நட்டத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விதான்.

அரசாங்கம் உள்நாட்டிலே கடன் பெறும் முறைகளுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று திறைசேரி உண்டியல். மற்றது திறைசேரி முறி. உண்டியல் என்றதும் கோயில் வாசலில் இருக்கும் உண்டியல் நினைவுக்கு வரலாம். இது அந்த வகையன்று. செட்டிமார் கடைகளிலே வழங்கிய உண்டியலின் இனத்தைச் சேர்ந்தது. இன்ன திகதியில் இவ்வளவு தொகை தருவேன் என்னும் வாக்குறுதியே அது. 1923ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்றின்கீழ் இந்நாட்டு அரசாங்கம் திறைசேரி உண்டியல்களை வெளியிடும் அதிகாரம் பெற்றது. 91 நாள், 182 நாள், 364 நாள் என்னும் மூன்று தவணைகளில் அவை விற்கப்படுகின்றன. உண்டியலுக்குத் தனியே வட்டி கொடுப்பதில்லை. 100 ரூபா தருவதாகச் சொல்லும் உண்டியலை 100 ரூபாவுக்குக் குறைந்த விலைக்கு விற்பதே முறை. 2022 டிசம்பர் இறுதியில் 91 நாள் உண்டியலை வாங்கியவர் 100 ரூபாவுக்கு ஏறக்குறைய 92 ரூபா 46 சதம் கொடுத்திருப்பார். மூன்று மாதம் கழித்து 100 ரூபா பெறுவார். இடையிலுள்ள ஏழரை ரூபாவே அவருடைய வட்டி.

முறி நீண்ட காலக் கடன். இலங்கையில் திறைசேரி முறிகள் 1997ஆம் ஆண்டிலேதான் முதன்முதல் வெளியிடப்பட்டன. முறிக்கு ஒரு முகப்பெறுமதி உண்டு. அதன்மீது ஆண்டுக்கு இவ்வளவு வீதம் என்று குறிக்கப்பட்ட வட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படும். முதிர்ச்சித் திகதியிலே முகப்பெறுமதி முழுவதும் திருப்பிக் கொடுக்கப்படும். இவ்விரண்டையும் அரசாங்கத்தின் சார்பிலே இலங்கை மத்திய வங்கி ஏலத்தில் விற்றுவந்தது. ஏலத்திலே முதனிலை வணிகர் எனப்படும் நிறுவனங்களே விலை கேட்கின்றன. ஏனையோர் அவற்றினிடமிருந்தோ வங்கிகளினிடமிருந்தோ வாங்கிக்கொள்ளலாம். 2004ஆம் ஆண்டு முதல் இவை கடதாசியில் அச்சிடப்படுவதில்லை. லங்காசெக்குயர் என்னும் பதிவேட்டிலே வாங்கியவரின் பெயரில் கணக்காக மாத்திரம் இருக்கின்றன. பெட்டியிற் பூட்டி வைப்பதற்கு ஒன்றும் இல்லாத இந்தச் செல்வத்தை முதியோர் சிலர் இன்னும் ஐயத்தோடுதான் பார்க்கின்றனர். ஆனால் கறையானும் கள்வரும் அணுக முடியாத செல்வம் அது என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும்.

இனி, இவ்விஷயத்தின் உயிர்நாடியான ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்துத் துலாக் கிணறுகளை அறியாதவர் இலர். துலாவின் ஒரு முனை தாழ, மறுமுனை உயரும். முறியின் விலையும் சந்தையின் வட்டியும் அவ்வாறே. நூற்றுக்கு 10 வீத வட்டி தரும் முறியொன்றை ஒருவர் 100 ரூபாவுக்கு வாங்குகின்றார் என்று கொள்வோம். மறுநாளே சந்தையில் வட்டி 20 வீதமாக ஏறிவிட்டால், 20 வீதம் தரும் புதிய முறி இருக்க, 10 வீதம் தரும் பழைய முறியை 100 ரூபாவுக்கு வாங்க எவர் முன்வருவார்? விலையைக் குறைத்தால்தான் விற்கலாம். எவ்வளவு குறைப்பது என்பது முதிர்ச்சிக்கு எஞ்சியுள்ள காலத்தைப் பொறுத்தது. ஓராண்டில் முதிரும் முறியாயின் ஏறக்குறைய 92 ரூபாவுக்கு விற்கலாம். ஐந்தாண்டு முறியாயின் 70 ரூபா. பத்தாண்டு முறியாயின் 58 ரூபாதான் கிடைக்கும். துலாவிலே அச்சுலக்கைக்கு அண்மையில் நிற்பவன் அதிகம் அசைவதில்லை. அதனின்றும் தூரப் போகப் போக ஏற்றமும் இறக்கமும் பெரிதாகும். முதிர்ச்சிக் காலமே அந்தத் தூரம்.

இந்தத் தூரம் எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்குப் பிரித்தானியாவின் யுத்தக் கடனைப் போன்ற உதாரணம் வேறில்லை. முதலாம் உலக யுத்தத்தின்போது, 1917ஆம் ஆண்டில், பிரித்தானிய அரசாங்கம் நூற்றுக்கு 5 வீத வட்டியில் மக்களிடமிருந்து பெருந்தொகைக் கடன் பெற்றது. 1932ஆம் ஆண்டிலே, அப்பொழுது நிதியமைச்சராயிருந்த நெவில் சேம்பர்லின், ஏறத்தாழ 200 கோடி பவுண் பெறுமதியான அக்கடனை மூன்றரை வீத வட்டிக்கு மாற்றிக்கொள்ளும்படி மக்களை வேண்டினார். பணத்தைத் திருப்பிக் கேட்கவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆயினும் மிகப் பெரும்பாலோர் தேசபக்தியினாலோ, வேறு வழி தெரியாமையினாலோ இணங்கினர். புதிய முறிக்கு முதிர்ச்சித் திகதி குறிக்கப்படவில்லை. அரசாங்கம் விரும்பும்போது திருப்பிக் கொடுக்கலாம். விரும்பாவிடின் என்றென்றும் வட்டி மாத்திரம் கொடுத்துக்கொண்டிருக்கலாம். 1974ஆம் ஆண்டு இறுதியிலே விலைவாசி ஏறி, சந்தை வட்டி நூற்றுக்கு 17 வீதத்தை அண்மியபோது, 100 பவுண் முறியின் விலை 25 பவுணுக்கும் கீழே வீழ்ந்தது. அந்தக் கால் பங்கும் 1932ஆம் ஆண்டின் பவுண் அன்று. அதன் வாங்கும் சக்தி எத்தனையோ மடங்கு குறைந்துவிட்ட பவுண். கடைசியில் 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேதான் அந்தக் கடன் முற்றாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஒரு தவணை வட்டியேனும் தவறவில்லை. சொன்ன சொல் ஒன்றேனும் மீறப்படவில்லை. இருந்தும், நம்பி வைத்திருந்தவரின் முதல் கரைந்தே போயிற்று.

இந்த அறிவோடு மீண்டும் இலங்கைக்கு வரலாம். 2020, 2021ஆம் ஆண்டுகளிலே வட்டி வீதம் மிகத் தாழ்ந்திருந்தது. அது சந்தையிலே இயல்பாக அமைந்த வீதமன்று. வாங்குவோர் போதாதபோது மத்திய வங்கியே புதிதாகப் பணத்தைப் படைத்து உண்டியல்களை வாங்கியது. ஒரு காலம், இதற்கு மேற்பட்ட வட்டி ஏற்கப்படமாட்டாது என்று ஏலத்திற்கு வரம்பும் விதித்தது. மழைக்காலத்திலே குளத்து மதகைத் திறவாமல் அணையை மாத்திரம் உயர்த்திக்கொண்டு போவது போன்ற செயல் அது. 2022ஆம் ஆண்டிலே அணை உடைந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்து, ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்ற அந்த ஏப்ரில் மாதம் 8ஆம் திகதி, மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாட்களின் பின், வெளிநாட்டுக் கடன்களிற் பெரும்பாலானவற்றைத் தற்போதைக்குச் செலுத்துவதில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு 70 வீதத்தை அண்மியது.

2021 டிசம்பர் இறுதியிலே அந்த ஆசிரியர் தம் 10 இலட்சத்தையும் 364 நாள் உண்டியலில் இட்டிருந்தால், நூற்றுக்கு 8.24 வீதப்படி, ஓராண்டு முடிவில் 10 இலட்சத்து 82 ஆயிரத்து 400 ரூபா பெற்றிருப்பார். அரசாங்கம் வாக்குத் தவறவில்லை. ஆனால் அந்த ஓராண்டுள் கொழும்பு நுகர்வோர் விலைகள் 57 வீதத்துக்கு மேல் ஏறிவிட்டன. கையிற் கிடைத்த பணத்தைக்கொண்டு, முந்திய ஆண்டிலே 6 இலட்சத்து 89 ஆயிரம் ரூபாவுக்கு வாங்கக்கூடியதாயிருந்த பொருள்களையே வாங்கலாம். வட்டியும் முதலும் சேர்ந்து பெருகின. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த அளவு பெறுமதி காணாமற் போயிற்று. நீண்டகால முறியில் இட்டிருந்தால் நிலை இன்னும் மோசம். முதிரும்வரை காத்திருக்க முடியாமல் இடையிலே விற்க நேர்ந்தவருக்கு, துலாவின் தூர முனையில் நின்றவரின் கதிதான்.

சரி, அவ்வாண்டு முடிவிலே எஞ்சிய துணிவோடு மற்றொருவர் தம் 10 இலட்சத்தை முதலீடு செய்ய வருகின்றார். இப்பொழுது வட்டியோ வானளாவ நிற்கின்றது. ஆனால் ஒரு விசித்திரம்: நீண்ட காலத்திற்குக் கடன் கொடுப்பவருக்கே கூடிய வட்டி கிடைப்பது உலக வழக்கம். 2022 இறுதியிலோ 91 நாளுக்கு 32.64 வீதம், 364 நாளுக்கு 29.27 வீதம். சில ஆண்டுகள் ஓடும் முறிகளுக்கு 20 வீதத்தை நன்கு கடந்திருந்தபோதிலும் உண்டியலிலும் குறைவு. தவணை நீள வட்டி குறைந்தது. இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று அச்சம்: அடுத்த மாதம் என்ன நடக்குமோ என்று அஞ்சியவர் எல்லோரும் மூன்று மாதத் தவணையிலே சென்று குவிந்தனர் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அவர்களும் அந்த மூன்று மாதத்திற்கே கூலி போலப் பெருவட்டி கேட்டனர், அரசாங்கமும் வேறு வழியின்றிக் கொடுத்தது. மற்றது எதிர்பார்ப்பு: இத்தகைய வட்டி நெடுங்காலம் நீடிக்க முடியாது, இறங்கியே தீரும் என்று பெரிய முதலீட்டாளர் கருதினர். ஆகவே சற்றுக் குறைந்த வட்டியானாலும் அதைப் பல ஆண்டுகளுக்கு உறுதிசெய்துகொள்ள அவர்கள் விரும்பினர்.

சாதாரண மனிதர் அவ்வாறு விரும்பவில்லை. 33 வீதம் இருக்கும்போது 25 வீதத்தை ஏன் எடுப்பது என்பதே அவர்களுடைய கேள்வி. கண்முன் நிற்கும் பெரிய எண்ணிலே மயங்காதவர் அரியர். 364 நாள் உண்டியலை எடுத்து, வருகின்ற வட்டியைச் செலவு செய்து, முதலை மாத்திரம் ஆண்டுதோறும் புதுப்பித்தவரின் வருமானத்தைப் பார்க்கலாம். 2023ஆம் ஆண்டிலே அவருக்குக் கிடைத்தது 2 இலட்சத்து 92 ஆயிரத்து 700 ரூபா. அந்த ஆண்டு முடிவிலே புதுப்பிக்கும்போது வீதம் 12.93 ஆகிவிட்டது, ஆகவே 2024ஆம் ஆண்டின் வருமானம் 1 இலட்சத்து 29 ஆயிரத்து 300. மறுபடியும் புதுப்பிக்கையில் 8.96 வீதம், 2025ஆம் ஆண்டுக்கு 89 ஆயிரத்து 600. முதல் அப்படியே இருக்கின்றது. கடன் கொடுத்ததும் அதே அரசாங்கத்துக்கே. வருமானம் மாத்திரம் மூன்றில் ஒரு பங்கிலும் குறைந்துவிட்டது. வரி வேறு. முதலாவது ஆண்டிலே கிடைத்த பெருவட்டியை நிரந்தர வருமானம் என்று நம்பி, வீட்டுக்கு ஒரு அறை கூட்டக் கடன்பட்டவர் இருந்திருந்தால் அவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே நாளிலே ஐந்தாண்டு முறியொன்றை வாங்கி, வட்டி 20 வீதம் என்று மிகக் குறைத்தே கணக்கிட்டாலும், அவருக்கு ஆண்டுதோறும் 2 இலட்சம் ரூபா தவறாமல் வந்துகொண்டிருக்கும். பணவீக்கமோ 2023 டிசம்பரிலே 4 வீதத்துக்கு இறங்கி, 2024ஆம் ஆண்டுப் பிற்பகுதியிலே பூச்சியத்துக்கும் கீழே சென்றது. ஒரு தலைமுறையில் ஒருமுறை வாய்க்கும் வாய்ப்பு என்று இதைச் சொல்லலாம். ஆனால் அது வாய்ப்பென்பது பின்னர் தெரிந்த விஷயம். அன்றைக்கு உள்நாட்டுக் கடனும் மறுசீரமைக்கப்படும் என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது. நீண்டகால முறியை வாங்க அஞ்சியவரை அறிவிலி என்று இன்று இகழ்வது நியாயமன்று.

ஆக, வட்டி தாழ்ந்திருக்கையில் நீண்ட காலத்திற்குப் பூட்டினால் பணவீக்கம் அடிக்கின்றது. வட்டி உயர்ந்திருக்கையிற் குறுகிய காலத்திற்கே இட்டால் புதுப்பிக்கும் நாளில் அடி விழுகின்றது. வட்டி எப்பொழுது ஏறும், எப்பொழுது இறங்கும் என்பதை முன்னறிந்து சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. சொல்வதாகக் கூறுபவரிடம் பணத்தைக் கொடாதிருப்பது நல்லது. ஆகவே எதிர்காலத்தை அறியாமலே வாழக்கூடிய ஒரு முறை வேண்டும். அனுபவமுள்ள முதலீட்டாளர் கையாளும் அம்முறைக்கு ஏணி முறை என்று பெயர். நீர்வேலி வாழைத்தோட்டக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஒரு குலை வெட்டும்போது அருகிலே பாதி வளர்ந்த பிள்ளை நிற்கும். அதன் அடியிலே சிறு குட்டி முளைவிடும். எல்லா மரமும் ஒரே நாளிற் குலை தள்ளினால், சந்தையிலே விலை வீழ்ந்த கிழமையில் முழுத் தோட்டமும் நட்டப்படும்.

10 இலட்சத்தை ஐந்து கூறாக்கி, 2 இலட்சம் ஓராண்டிலும், அடுத்த 2 இலட்சம் ஈராண்டிலும், அவ்வாறே மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகளிலும் முதிரும்படி இடுவது ஏணி முறை. முதலாம் ஆண்டு முடிவில் முதிரும் 2 இலட்சத்தை அன்றைய வட்டியில் ஐந்தாண்டு முறியாக மாற்ற வேண்டும். அடுத்த ஆண்டு அடுத்த கூறு. இப்படி ஐந்தாண்டு கழிந்தால், கையில் இருப்பவை யாவும் ஐந்தாண்டு முறிகளாகவே இருக்கும். ஆயினும் ஆண்டுக்கு ஒன்று முதிர்ந்துகொண்டிருக்கும். வட்டி ஏறினால் ஒரு கூறு ஆண்டுதோறும் புதிய வட்டியைப் பிடிக்கும்; இறங்கினால் நாலு கூறு பழைய வட்டியைக் காக்கும். அவசரத்துக்குப் பணம் வேண்டுமானால், முதிர்ச்சி அண்மித்துள்ள முறியை விற்கலாம். துலாவின் அச்சுக்கு அருகில் இருப்பதால் அதன் விலையில் அதிக சேதம் இராது. 2022ஆம் ஆண்டைப் போன்ற பெருவெள்ளத்தில் இம்முறையும் நனையாமல் தப்பாது. ஆனால் முழுவதும் மூழ்காது. அதிக இலாபம் தேடுபவர்க்கு இம்முறை சலிப்பூட்டும். சலிப்பைத் தாங்கிக்கொள்ளக்கூடியவர்களுக்கே உரியது இது.

ஏணியை அமைக்கும்போது, பணம் எப்பொழுது வேண்டும் என்பதே முதற் கேள்வியாயிருத்தல் வேண்டும். மூன்று ஆண்டில் மகளுக்குத் திருமணம் செய்ய எண்ணியிருப்பவர் அதற்கான தொகையைப் பத்தாண்டு முறியில் இடுவது, வட்டி எவ்வளவானாலும், தவறு. குறித்த நாளிற் பணம் வேண்டுமானால் குறித்த நாளில் முதிரும் முறியையே தேட வேண்டும். முதிர்ச்சிவரை வைத்திருப்பவரை இடைக்கால விலை ஏற்ற இறக்கம் தொடாது. அவர் நித்திரை கொள்ளலாம்.

பழைய முறிகளை வாங்குவோர் விழக்கூடிய குழியொன்று உண்டு. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் படித்தவர்களே அதில் விழுகின்றனர். 20 வீத வட்டி தரும் முறி இருக்கின்றது என்று ஒருவர் சொல்கின்றார். வங்கியிலோ 10 வீதத்துக்கும் குறைவாகவே கொடுக்கின்றார்கள். ஆவலோடு வாங்கப் போனால், 100 ரூபா முகப்பெறுமதிக்கு அதன் விலை 138 ரூபா என்கின்றனர். ஏமாற்றில்லை. சந்தை விளைவு 10 வீதமாயிருக்கையில், இன்னும் ஐந்தாண்டு ஓடும் அத்தகைய முறியின் நியாயமான விலை ஏறக்குறைய அதுதான். ஆனால் ஐந்தாண்டு முடிவில் அரசாங்கம் திருப்பித் தருவது 100 ரூபா மாத்திரமே. 38 ரூபா எங்கே போயிற்று? ஆண்டுதோறும் வந்த 20 ரூபாவிலே கலந்து சிறிது சிறிதாக வந்துவிட்டது. அதை வட்டி என்று நினைத்து முழுவதையும் செலவு செய்தவர், தம்மை அறியாமலே முதலைத் தின்றுவிட்டார். முறியில் எழுதப்பட்ட வட்டி வீதம் வேறு. கொடுத்த விலைக்கு உண்மையிற் கிடைக்கும் விளைவு வீதம் வேறு. வாங்குமுன் கேட்க வேண்டியது பின்னதையே. விற்பவர் முன்னதை உரத்த குரலிற் சொல்வார்.

அரசாங்கத்திலும் கூடிய வட்டி தருவதாகச் சொல்லும் நிறுவனங்களைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. இந்நாட்டிலே கூடிய வட்டியை நம்பி நிதிக் கம்பனிகளில் இட்ட பணத்துக்கு ஆண்டுக்கணக்காக அலைந்தவர்களை எல்லா ஊரும் அறியும். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்குக் காப்புறுதித் திட்டம் உண்டு; 2021ஆம் ஆண்டிலே அதன் எல்லை ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அனுமதி பெறாத இடங்களுக்கு அந்தக் காப்பும் இல்லை.

அப்படியாயின் அரசாங்கத்தின் கடன் முற்றிலும் அபாயமற்றதா? ரூபாவிற் பெற்ற கடனை ரூபாவிலே திருப்பிக் கொடுக்க அரசாங்கத்தால் எப்பொழுதும் முடியும், பணத்தை அச்சிட்டேனும் கொடுக்கும் என்பதே நெடுங்கால நம்பிக்கை. அச்சிட்டுக் கொடுத்ததன் விளைவை 2022ஆம் ஆண்டுப் பணவீக்கம் காட்டிற்று. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம், மத்திய வங்கி அரசாங்கத்திடமிருந்து நேரடியாக உண்டியல்களையும் முறிகளையும் வாங்குவதைத் தடைசெய்தது. பணம் படைக்கும் மதகு மூடப்பட்டபின், அரசாங்கம் மற்றக் கடனாளிகளைப் போன்றே வரவுக்குள் செலவு செய்தோ, கடன் கொடுப்பவரைத் திருப்திப்படுத்தியோதான் தன் கடனைத் தீர்க்க வேண்டும்.

அதே ஆண்டு ஜூன் மாத இறுதியிலே, ஹஜ்ஜுப் பெருநாள், விசேட வங்கி விடுமுறை, வார இறுதி, போயா என்று வங்கிகள் ஐந்து நாட்கள் தொடர்ந்து மூடியிருந்தன. அந்த ஐந்து நாட்களிலும் சேமிப்புள்ள வீடுகளிலே நிலவிய கலக்கத்தை அனுபவித்தவர் மறந்திரார். அப்பொழுதுதான் உள்நாட்டுப் படுகடனை மறுசீரமைக்கும் திட்டம் வெளியிடப்பட்டு, ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றத்தில் அங்கீகரிக்கப்பட்டது. பொதுமக்கள் வாங்கிய உண்டியல்கள் தொடப்படவில்லை. தனியார் வைத்திருந்த முறிகளும், வங்கி வைப்புகளும் தொடப்படவில்லை. விடுமுறை முடிந்து வங்கிகள் திறந்தபோது பலர் பெருமூச்சு விட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் கவனியாத ஒன்று அத்திட்டத்திலே இருந்தது. பாரம் வந்து விழுந்த இடம் ஊழியர் சேமலாப நிதியமும் ஏனைய ஓய்வூதிய நிதியங்களுமே.

1958ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதியத்துக்குத் தொழிலாளி தன் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும், தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். தோட்டத் தொழிலாளி முதல் கொழும்புக் கந்தோரின் எழுதுவினைஞர் வரை கோடிக்கணக்கான ரூபா அங்கே சேர்ந்திருக்கின்றது. அதிற் பெரும்பகுதி திறைசேரி முறிகளிலேயே இடப்பட்டுள்ளது. திறைசேரி முறி என்றால் என்ன என்று ஒருநாளும் கேட்டறியாத தொழிலாளியும், இந்த வகையிலே, அரசாங்கத்துக்கு நீண்டகாலக் கடன் கொடுத்தவன்தான். பழைய முறிகளைக் கொடுத்துப் புதிய முறிகளை ஏற்றுக்கொள்ளும்படி நிதியங்கள் கேட்கப்பட்டன. புதிய முறிகளுக்கு 2025ஆம் ஆண்டுவரை நூற்றுக்கு 12 வீதமும், அதன்பின் முதிரும்வரை 9 வீதமும் வட்டி. மறுத்தால், முறிகளின் வருமானத்துக்கு 14 வீதமாயிருந்த வரி 30 வீதமாக உயரும் என்று சொல்லப்பட்டது. 1932ஆம் ஆண்டில் பிரித்தானிய மக்களுக்குப் பணத்தைத் திருப்பிப் பெறும் வழியாவது திறந்திருந்தது. இங்கே அங்கத்தவரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. நிதியம் அவர்கள் சார்பிலே செப்டெம்பர் மாதத்தில் இணங்கியது. சந்தையிலே விளைவு 20 வீதத்துக்கு மேல் நின்ற காலத்தை ஒட்டியே இந்த மாற்றம் நிகழ்ந்தது என்பதையும், அதன்பின் சந்தை வட்டி 9 வீதத்தை அண்மி இறங்கியது என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். முன்னதைச் சொல்பவர் தொழிலாளி வஞ்சிக்கப்பட்டான் என்பர். பின்னதைச் சொல்பவர் நட்டம் பெரிதன்று என்பர். இரண்டு சாராரும் ஒத்துக்கொள்ள வேண்டிய ஒன்று, வேறு முதலீட்டாளருக்கு இருந்த தெரிவு அவனுக்கு இருக்கவில்லை என்பது.

அந்தப் புதிய முறிகள் 2027ஆம் ஆண்டு தொடங்கி 2038ஆம் ஆண்டுவரை ஒன்றன்பின் ஒன்றாக முதிர்கின்றன. 2023ஆம் ஆண்டிலே நாற்பது வயதாயிருந்த ஆண் தொழிலாளி ஒருவர், சேமலாபப் பணத்தைப் பெறுதற்குரிய ஐம்பத்தைந்தாம் வயதை எய்துவதும் அந்த 2038ஆம் ஆண்டிலேதான்.